முதல் கைப்பிடி முனிக்கு

தகரக் கொட்டகையில் வளர்ந்த என் வயதுக்காரர்களே, எனக்கு முன்முடி நரைத்துவிட்டது. நாற்பதுகூட ஆகவில்லை. டாக்டர் சத்துக் குறைவு என்கிறார். ஏப்ரல் மாத மத்தியானத்தில் தகரத்துக்குக் கீழே வெந்து கிடந்த தலை வேறு எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்கவில்லை. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள்.

போன மாதம் போர்ட் பிளேர் ஏர்போர்ட்டில் சென்னை விமானத்துக்குக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டியில் துளை போட்ட பெட்டிகளாக அடுக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பையன் தன் சிநேகிதர்களுக்கு விளக்கம் சொன்னான். உள்ளே இருப்பதெல்லாம் உயிருள்ள சேற்று நண்டாம், சிங்கப்பூர் வரைக்கும் போகுமாம், சுனாமிக்குப் பிறகு யாரோ ஒரு ஆபீசர் மூளையில் உதித்த தொழிலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்குப் போகிற வயசா இது? அதனால் உங்களிடம் சொல்கிறேன். அது எங்கள் அத்தையின் வயலில் உதித்த தொழில். ஆபீசர்கள் பிறகு ஜீப்பில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் யாருக்கும் கடலும் தெரியாது, நண்டும் தெரியாது. தாத்தா காலத்தில் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து கச்சால் தீவில் ரப்பர் வெட்ட விட்டார்கள். தீவில் இருந்தோமே தவிர, கடலுக்கு முதுகைக் காட்டித்தான் இருந்தோம். அப்பாவுக்கு நீச்சல் வராது. மரத்தில் கத்தி இறங்கும் ஆழம் மட்டும் வரும். அலை வந்தபோது, தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடு மேட்டில் இருந்ததால் பிழைத்தோம். தோட்டம் நின்றுபோனது. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்த அப்பாவின் அக்காவிடம், அதாவது அத்தையிடம், வந்து சேர்ந்தோம். அத்தை வீட்டுக்கு மேல்பக்கம், ரோட்டோரம், அரசாங்கம் அடித்த ஒரு தகரக் கொட்டகை எங்களுக்குக் கிடைத்தது.

அத்தைக்கு வயல் இருந்தது. புருஷன் விட்டுப்போன வயல். அலை வந்த அன்றைக்கு முழுகியது, பிறகு வடியவே இல்லை. தரை இறங்கிவிட்டது என்றார்கள். வடக்கே மாயாபந்தர் பக்கம் தரை மேலே எழும்பிப் பவளப்பாறையெல்லாம் வெயிலில் செத்துக் கிடந்ததாம். எங்கள் பக்கம் இறங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் வயலுக்குள் வரும், போகும். தலை போன பாக்கு மரங்கள் தண்ணீரில் வரிசையாக நின்றன. வற்றும்போது அழுகின முட்டை வாடை வரும். அத்தை அந்தத் தண்ணீரை வயல் என்றேதான் சொல்வாள். "வயல்ல மீன் துள்ளுது பாரு" என்பாள். சிரிக்க மாட்டாள்.

அம்மாவுக்கு அங்கே ஒரு நாளும் ஒட்டவில்லை. அவளுடைய அண்ணன் கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அங்கே போய்விட வேண்டும், கடல் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்டதில்லை.

"மெயின்லேண்டுல நமக்கு யாரு இருக்கா?" என்பார் அப்பா.

"என் அண்ணன் இருக்கான்ல? அவன் யாருன்னு நெனைச்சீங்க?"

"அவனே ஒத்தை ரூம்பு லைன் காம்பராவுல ஏழு பேரோட கெடக்கான். நாம போயி எங்க படுக்க?"

இது தினமும் நடக்கும். நடுவில் சோறும் வெந்துவிடும்.

நண்டு எப்படி வந்ததென்றால், வலைக்கார மாமா கொண்டுவந்தார். சொந்த மாமா இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து வேதக்காரர், அலையில் படகு போனவர். அலையாத்திக் காட்டு ஓடைகளில் கூடு போட்டு நண்டு பிடித்து, பத்துபஸ்தியில் ஒரு ஏஜெண்டிடம் கொடுப்பார். ஏர்போர்ட்டுக்குப் பக்கம் என்பதால் ஏஜெண்ட் அங்கே வீடு பிடித்திருந்தார். முன்ரூமில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் நண்டு கட்டிக் கிடக்கும். ஓடு கல்லாக இருக்கிற நண்டைத்தான் எடுப்பார். புதிதாகத் தோல் உரித்தது, தட்டினால் உள்ளே தண்ணீர் ஆடுவது, அதெல்லாம் கழிவு. தண்ணி நண்டு என்று தூக்கிப் போட்டுவிடுவார்.

ஒரு நாள் மாமா அந்தக் கழிவைக் கொட்டுவதை அப்பா பார்த்தார்.

"அண்ணே, இத வெச்சு தீனி போட்டா சதை பிடிக்காதா?"

"பிடிக்கும் மாப்ள. எங்க வெச்சு போடுவ? ஒங்க அக்கா குடத்துலயா?"

"அக்கா வயல்ல."

மாமா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அத்தைதான் சிரிக்கவில்லை. "நெல்லு போட்டாலும் பயிரு, நண்டு போட்டாலும் பயிரு. என் வயலு சும்மா கெடக்கக் கூடாது" என்றாள்.

மூங்கில், கிழிந்த வலை, காலியான கொட்டகைகளில் கழற்றிப் போட்ட தகரம். இவற்றை வைத்து வயலின் நடுவே அப்பா ஒரு பட்டி அடித்தார். மாமா கொண்டுவரும் தண்ணி நண்டையெல்லாம் அதற்குள் விட்டார். அன்றைக்குத்தான் அத்தையையும் மாமாவையும் சாட்சியாக வைத்துக்கொண்டு அப்பா அம்மாவிடம் வாக்குக் கொடுத்தார்.

"மொத ஈடு நண்டு மெட்ராஸ்ல உசிரோட எறங்கட்டும். செத்துப் போச்சுன்னா அடுத்த கப்பல்ல எல்லாரும் கோத்தகிரி. உசிரோட போச்சுன்னா நீ இனிமே ஊர்ப் பேச்சு எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம். ரெண்டு பேரும் பேச்சு மாறக் கூடாது," என்றாள் அம்மா.

அவளுக்கு நம்பிக்கை இருந்தது. ரப்பர் வெட்டுகிறவன் வளர்த்த நண்டு ஏரோப்ளேனில் உயிரோடு போகுமா என்ன?

இப்போது எங்கள் தோட்டத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விடிகாலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். தொங்கவிட்ட இரும்பை அடித்தால் எல்லாரும் வந்து நிற்க வேண்டும். தவறினால் அன்றைய பேர் போச்சு, கூலியும் போச்சு. அதே நேரம், அதே சத்தம். மழையோ புயலோ, மாறாது. அப்பாவுக்கு வேலை என்றால் பெரட்டு இருந்தாக வேண்டும். உடைந்த படகுத்துறையிலிருந்து ஒரு இரும்புத் துண்டைத் தூக்கிவந்து வரப்பில் கம்பம் நட்டுத் தொங்கவிட்டார். இருட்டுவதற்கு முன்னால் தீனி நேரம். அத்தை இரும்பை அடிப்பாள். அப்பா ரோட்டு வேலையில் இருப்பார், ஆகவே தீனி போடுவது அம்மா. மார்க்கெட்டிலிருந்து அள்ளிவந்த மீன் குடலும் கோழிக் குடலும் அலுமினியச் சட்டியில் நாறிக்கொண்டிருக்கும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் பட்டிவரை நடந்து போய்ப் போடுவாள். சீக்கிரமே நண்டுகள் சத்தம் கேட்டதும் வேலியோரம் வந்து மொய்க்க ஆரம்பித்தன. "பெரட்டுக்கு ஆள் வந்தாச்சு!" என்று அத்தை கத்துவாள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் எந்த வேலை தொடங்கினாலும் முதல் பங்கு முனியாண்டிக்கு. அங்கே மரத்தடியில் கல் இருந்தது. இங்கே கல் இல்லை, ஆகவே அம்மா கம்பத்தடியில் நின்று முதல் கைப்பிடியை வரப்பிலிருந்தே தண்ணீரில் போடுவாள். பிறகுதான் இறங்குவாள். முதலில் அந்தக் குடல் மிதந்துகொண்டே கிடக்கும், காக்கா கொத்தும். மழை பிடித்த பிறகு அப்படிக் கிடப்பதில்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஒரு சுழி சுழித்து எல்லாம் உள்ளே போய்விடும்.

"முனி வாங்கிக்கிட்டாரு," என்பாள் அம்மா. கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்குவாள்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. நான் பக்கத்தில் நின்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் நாங்கள் தாதா என்று கூப்பிடும் கீழ்வீட்டு பெங்காலிக்காரரின் நாய் காணாமல் போனது. தாதா இரண்டு நாள் "காலூ, காலூ" என்று கூப்பிட்டுக்கொண்டே திரிந்தார். அப்பாவும் மாறிப்போனார். ரோட்டு வேலையிலிருந்து சீக்கிரமே ஓடிவந்து கையில் ஒரு நீளக் கம்போடு வரப்பில் நிற்பார். அம்மா இறங்கினால் கண்ணை எடுக்க மாட்டார்.

"சட்டுனு போட்டுட்டு ஏறி வந்துரு புள்ள."

"அதுக்குள்ள என்ன அவசரம்?"

"குளுருதுல்ல. இங்கேருந்தே வீசிப் பாரேன்."

"வீசுனா பாதி வேலிக்கு வெளிய விழும். நண்டுக்குப் போடுறதா, கடலுக்குப் போடுறதா?"

அவர் கம்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். அம்மா ஏறி வந்ததும் துண்டை எடுத்து நீட்டுவார். இத்தனை வருஷமாகச் சண்டை போட்ட மனிதர் துண்டு நீட்டுகிறாரே என்று அம்மாவுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. எனக்கு அளவில்லாத சந்தோஷம். வீட்டில் அன்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஈடு எடுக்கிற நாள் வந்தது. நண்டை விமானத்தில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டினி போட வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அன்றைக்குக் குடல் கிடையாது, சட்டி காய்ந்து கிடந்தது. இருட்டுவதற்குள் பத்துபஸ்தி போய்ச் சேர வேண்டும், விடிந்ததும் விமானம். மாமா ஜீப் பிடித்துவரப் போயிருந்தார். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா பட்டிக்குள் நெஞ்சளவு தண்ணீரில் நின்று நண்டைத் துழாவி எடுத்து, கூடையில் போட்டுக் கயிற்றால் விடுவார். வரப்பில் இருந்து அம்மா இழுப்பாள், தட்டிப் பார்ப்பாள், நல்லதைக் கொடுக்கோடு சேர்த்துக் கட்டி ஈரச் சாக்குப் போட்ட பெட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவாள். நான் கயிறு வெட்டிக் கொடுத்தேன். நண்டுகள் கல் மாதிரி இருந்தன. அம்மா ஒவ்வொன்றையும் தட்டும்போது அவள் முகம் விழுந்துகொண்டே போனது. எல்லாம் உயிரோடு போய்விடும் போலிருக்கிறதே என்ற கவலை.

அத்தை அரிசிப் பையோடு வந்தாள். வெயில் இறங்கிவிட்டதைப் பார்த்தாள்.

"என்ன, இன்னைக்குப் பெரட்டு இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே போய் இரும்பை அடித்தாள்.

இன்றைக்குத் தீனி இல்லை என்று அவளிடம் சொல்ல எல்லாரும் மறந்துபோயிருந்தோம். பழக்கம் அடித்துவிட்டது.

உடைந்த மதகுப் பக்கம் தண்ணீர் நகர்ந்தது. முதலில் ஒரு கட்டை என்றுதான் பார்த்தேன். கட்டை நேராகக் கம்பத்தைப் பார்த்து வந்தது. அம்மா கையில் பிடித்திருந்த நண்டோடு எழுந்து நின்றாள். முதலை. அத்தை வீட்டுக் கட்டிலைவிட நீளம். கம்பத்தடியில், முனிக்குப் போடுகிற அந்த இடத்தில் வந்து நின்று வாயைக் கொஞ்சம் திறந்தது. பட்டிக்கும் வரப்புக்கும் நடுவில் அது. பட்டிக்குள் அப்பா.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

முனிக்குப் போட வேண்டும். போட எதுவும் இல்லை. அதற்குப் பொறுக்கவில்லை, மெதுவாகப் பட்டிப் பக்கம் தலையைத் திருப்பியது.

"அண்ணி, அடிங்க!" என்றாள் அம்மா. "நிறுத்தாதீங்க, அடிச்சுக்கிட்டே இருங்க!"

அத்தை இரும்பை அடித்தாள். அம்மா கையில் இருந்த நண்டை அதன் முன்னால் போட்டாள். தலை திரும்பியது. கடக்கென்று ஒரு சத்தம். பெட்டியிலிருந்து இன்னொன்று. கட்டி அடுக்கிய நண்டு, ஓட முடியாத நண்டு. இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அந்த வாய் மூடும் சத்தம் என் பல்லில் கேட்டது.

"அந்தப் பக்கம் போங்க," என்றாள், குரலை உயர்த்தாமல், சோறு திங்க வாங்க என்று சொல்கிற மாதிரி. "தண்ணியக் கலக்காம போங்க."

அப்பா பட்டியின் பின்பக்கத் தகரத்தைப் பிடுங்கினார். தகரம் கிறீச்சிட்டது. முதலை அசைந்தது. அம்மா இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். அப்பா அந்தப் பக்கம் சேற்றில் இறங்கினார். நீச்சல் தெரியாத மனிதர், ஒரு காலை எடுத்தால் மறுகால் புதைகிறது. அத்தை அழுதுகொண்டே அடித்தாள். பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. "ஆத்தா, ஆத்தா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. கடைசியில் அப்பா எதிர்வரப்பில் நெஞ்சைப் போட்டு ஏறினார். ஏறி அப்படியே குப்புறப் படுத்துவிட்டார்.

சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் மறைக்கப் போவதில்லை. காலிப் பெட்டியைப் பார்த்தார், பக்கத்தில் கழித்துக் குவித்திருந்த தண்ணி நண்டைப் பார்த்தார்.

"கழிச்சத போட்டிருக்கலாம்ல? நல்ல நண்டையா போட்ட?"

பயத்தில் பேசினார் என்று அத்தை பிறகு சமாதானம் சொன்னாள். பயத்தில் வாயில் வருவதும் மனசில் இருந்ததுதானே? அம்மா அதற்குக் கோபப்படக்கூட இல்லை. அவளுக்கு உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஜீப் வந்தது. மாமா இறங்கி ஓடிவந்தார். தண்ணீரைப் பார்த்தார், பிய்ந்து கிடந்த பட்டியைப் பார்த்தார்.

"மாதாவே! மாப்ள, தடம் பாத்த அன்னைக்கே சொன்னேன்ல? ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லு, சொல்லுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல?"

அம்மா நடுங்குவது நின்றது.

"எப்ப பாத்தீங்க, அண்ணே?"

மாமாவுக்குப் புரியவில்லை. அவர் பாட்டுக்குச் சொன்னார். "ரெண்டு வாரம் இருக்கும் தங்கச்சி. வரப்புல வயித்த இழுத்த தடம். சொன்னா கூண்டு வெப்பான், தண்ணில எறங்காதன்னு போர்டு வெப்பான், பட்டி போயிரும், ஈடு முடியட்டும்னு ஒங்க வீட்டுக்காரருதான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். இடுப்புக்குக் கீழே சேற்றுக் கறை, தினமும் துவைத்தும் போகாதது. அப்பா வாயைத் திறந்தார். "கம்ப வெச்சிக்கிட்டு நின்னேன்ல..." என்றார். எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. அன்பில்லாமலும் நீட்டவில்லை அவர், அது எனக்கு இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

எல்லாரும் இதோடு முடிந்தது என்று நினைத்தோம். மற்றப் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றவே யாருக்கும் கை வரவில்லை. அம்மாதான் போய்க் குனிந்தாள். கட்டு அவிழ்ந்திருந்த நண்டுகளை மறுபடி கட்டினாள். சாக்கை நனைத்து மேலே போட்டாள். வேண்டுமென்றே ஒரு பெட்டிக்குச் சாக்கை நனைக்காமல் விட்டிருந்தாலும், உப்பில்லாத கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் போதும், அவள் கேட்டது நடந்திருக்கும். அவள் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று பிறகு பல வருஷம் யோசித்தேன். வாக்குக் கொடுத்திருந்தாள், அதுதான்.

ஜீப்போடு போன அப்பா மறுநாளும் பத்துபஸ்தியிலேயே இருந்துவிட்டார், சேதி தெரியும்வரை. அம்மா காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய் ஃபாரஸ்ட் ஆட்களிடம் முதலையைச் சொன்னாள். அவளுக்கு வரும் உடைந்த ஹிந்தியில், "மகர்மச் ஹை, படா ஹை, மேரா கேத் மே" என்றாள். பெரிய முதலை, என் வயலில் இருக்கிறது என்று. அவள் அந்தத் தண்ணீரை வயல் என்று சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். ஆட்கள் வந்து சிவப்பு போர்டு நட்டார்கள். முதலை கூண்டில் விழுவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். முழுகின வயல்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். கனத்த வேலி, வரப்பிலிருந்தே தீனி போட மரப்பாலம் என்று எல்லாம் வந்தது. தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பேயிலிருந்துகூட ஒரு ரிட்டயர்டு சிப்பாய் கப்பலேறி வந்து அப்பாவிடம் கற்றுக்கொண்டு போனார். அப்பாவுக்கு மேடையில் பொன்னாடை போட்டார்கள். பேசும்போது பெரட்டு இரும்பைப் பற்றிச் சொல்லுவார், எல்லாரும் கை தட்டுவார்கள். மீதியைச் சொல்லமாட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மறுநாள் சாயங்காலம். அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி, ரோட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"எல்லாம் உசிரோட எறங்கிருச்சு! ஏஜெண்டுக்கு போன் வந்துருச்சு!"

அத்தை கையைத் தட்டினாள். மாமா சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"ஒண்ணுகூட சாகலையா?"

"ஒண்ணுகூட."

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை, அலை வந்தபோதும் இல்லை. "சந்தோசத்துல அழுவுறா," என்றாள் அத்தை. மாமாவும் ஆமாம் என்றார். நானும் அப்படியே நம்பிக் கொட்டகைக்கும் ரோட்டுக்குமாகக் குதித்தேன். அப்பா அவள் பக்கத்தில் குந்தி, தோளில் கை வைத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பேச்சு பேச்சுதான். இருக்கேன்," என்றாள். "ஆனா என்னைய இனிமே தண்ணியில எறங்கச் சொல்லாதீங்க. நீங்க சொன்னா எறங்கிருவேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."